பத்தாம் நம்பர் ஸ்பேனர்

"அன்பான வாக்காளப் பெருமக்களே, வணக்கமுங்க. நான் உங்க சு..."

அவ்வளவுதான். மாரமங்கலம் முக்கில் நின்ற ஜீப்பின் கூரையில் கட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒருசேர வாயை மூடிக்கொண்டன. பின்சீட்டுக்கு அடியில் முடுக்கி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. பஸ்ஸுக்கு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. "நான் உங்க சு, நான் உங்க சு" என்று ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

முன்சீட்டில் சுதாராணி, மடியில் ஒன்றரை அடி நீள ஸ்பேனரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு. வார்டு மெம்பர் பதவிக்கு நிற்கிறாள், சின்னம் ஸ்பேனர். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று சேலத்து லாரிப் பட்டறையில் வாங்கி, மாமனார் காளியப்பன் கையால் இரண்டு கோட்டு வெள்ளிப் பெயிண்ட் அடித்த ஸ்பேனர் அது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு பிரசாரம் முடிகிறது. அவளுக்கோ மூன்று நாளாகக் குரல் இல்லை. மார்கழிப் பனியில் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேசியதில் தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

குரல் முழுக்கப் போவதற்கு முன்னால், திங்கட்கிழமை சாயங்காலம், வீட்டு வாசலில் நின்ற இதே ஜீப்பில் உட்கார்ந்து போனில் பேசிப் பதிந்து வைத்த பேச்சு ஒன்றுதான் கையில் இருந்தது. அதற்கு அடியில் பம்பைச் சத்தம் சேர்த்தவன் அவள் புருஷன் ராஜ்குமார். பேர் வருகிற இடத்தில் பம்பை பலமாக விழ வேண்டும் என்று ஆசைப்பட்டான். சொல்லி வைத்தாற்போல் அங்கேதான் அடைத்துக்கொள்கிறது.

"சத்தத்தைக் கொறைச்சு வெய்யி லூர்து," என்றான் ராஜ்குமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"கொறைச்சா பாடுது மாப்ள. ஆனா பக்கத்துல உக்காந்திருக்கற எனக்கே கேக்கலை. அதுக்கு நீ ஓட்டுப் போடறவங்க காதுல ஒவ்வொருத்தரா போயி ஓதிட்டு வந்துரலாம்."

லூர்துராஜ் ராஜ்குமாரின் சிநேகிதன், டவுனில் வேறொரு ஜீப் ஓட்டுகிறவன். வண்டியில் தனக்குத் தெரியாத வேலை இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். அவனுக்கு எதிரில், தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு காளியப்பன் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் எஸ்டேட் பல்ப்பர் ஊட்டில், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின் கொட்டகையில், வேலை பார்த்து ஓய்ந்தவர்.

"மணி மூணு இருவது," என்றார் காளியப்பன். "நாலு மணிக்கு எடை. கெளம்பு சாமி, அங்க போயிப் பாத்துக்கலாம்."

எடை என்றால் பெரியபாறை எஸ்டேட்டில் காப்பிப் பழம் நிறுக்கிற நேரம். வார்டில் மொத்தம் முந்நூற்று நாற்பது ஓட்டு. அதில் இருநூறு பேர் இப்போது பெரியபாறைக் காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து லைனில் சிதறிக் கிடக்கிற ஜனம் ஒரே இடத்தில் நிற்பது எடைக்களத்தில் மட்டும்தான். எடை முடிந்து பனிக்குள் போய்விட்டால் அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது.

"நீ பேசேன் சாமி அவளுக்குப் பதிலா," என்று காலையில் காளியப்பன் மகனைக் கேட்டிருந்தார். ராஜ்குமார் ஒரு லைனில் முயன்றும் பார்த்தான். "அது வந்துங்க" என்று ஏழு தடவை சொன்னான். எட்டாவது தடவைக்கு முன்னால் காளியாயி எழுந்துவிட்டாள். காளியாயி பெரியபாறையில் பழம் பறிக்கிற பெண்களில் மூத்தவள். அவள் பக்கம் சாய்ந்தால் ஐம்பது ஓட்டு சாயும். "வார்டுல நிக்கிறது அவளா நீயா? அவ வந்து அவ வாயால சொல்லட்டும். ஊமையைக் கொண்டுபோயி பஞ்சாயத்துல உக்கார வெச்சு நாங்க என்ன பண்ணோணும்?" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஊமை என்கிற சொல் அவள் சொல்லல்ல. எதிரில் நிற்கிற செல்வராஜ் மூன்று நாளாக விதைத்தது.

ஜீப் மேட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் சிவந்து குலுங்கும் காப்பிச் செடி. ராஜ்குமார் கியரை மாற்றி ஆக்சிலேட்டரை மிதிக்க, பேச்சு நின்ற ஸ்பீக்கரில் கொசு பாடுகிற மாதிரி ஒரு ரீங்காரம் எழுந்தது. வண்டி வேகம் எடுத்தால் கொசுவும் சுருதி ஏற்றியது. வேகம் குறைந்தால் இறக்கியது.

சுதாராணி காதைத் தீட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் சேலம் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் வயர்மேன் படித்தவள் அவள். வகுப்பில் நாற்பது பையன்களுக்கு நடுவே மூன்று பெண்கள். இப்போது பல்ப்பர் ஊட்டில் மோட்டார் போடுகிற வேலை. மோட்டார் நின்றால் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து, அதையே மறுநாள் சொல்லிவிட்டுப் போவான்.

"ஏனுங்க," என்று புருஷனின் தோளைத் தொட்டாள். காற்றாக வந்தது. "எர்த்து..."

"தண்ணி வேணுமா? லூர்து, அந்த பிளாஸ்க்கைக் குடு. மொளகுக் கசாயம் இருக்குது."

அவள் கசாயத்தை வாங்கிக் குடித்தாள். வேறு வழியில்லை.

எடைக்களத்துக்கு வெளியே, கேட்டை ஒட்டிய மண்மேட்டில் ஜீப்பை நிறுத்தினார்கள். கேட்டுக்கு உள்ளே பிரசாரம் கூடாது என்பது எஸ்டேட் உத்தரவு. உள்ளே தராசு மாட்டிய மூன்றுகால் கம்பம், பக்கத்தில் மேசை நாற்காலியோடு எடைக் கணக்கு எழுதும் ரைட்டர் முருகன். பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பழ மூட்டையோடு சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கொட்டிய பழத்தில் பச்சையும் கருப்பும் பொறுக்கித் தள்ளிவிட்டு மறுபடி மூட்டை கட்ட வேண்டும். எறும்பு கடித்த கையைத் தேய்த்துக்கொண்டே சிலர் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிட்டுத் தின்றார்கள்.

கீழ் வளைவில் செல்வராஜின் வேன் நின்றது. அதன் பெட்டிகள் போட்ட சத்தத்தில் மிளகுக் கொடியே ஆடியது. பேசி முடித்துவிட்ட தெம்பில் செல்வராஜ் மேலே நடந்து வந்தார். மாரமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். யாரைப் பார்த்தாலும் கும்பிடு முன்னால் போகும்.

"என்ன ராஜ்குமாரு, வண்டி மக்கர் பண்ணுதாமா? வேணும்னா என்ற வண்டியில வந்து அம்மிணி ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும். எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க." பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, பேச முடியாதில்ல. மறந்தே போயிட்டேன்."

கிழங்கு தின்ற பெண்கள் சிரித்தார்கள். சுதாராணி அவரைக் கும்பிட்டுவிட்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறினாள்.

அங்கே ஆண்கள் மூவரும் ஆளுக்கொரு கட்சி கட்டியிருந்தார்கள்.

"ஃப்யூஸ்தான் மாப்ள. பழசாயிருச்சு. இந்த சிகரெட்டுத் தாளைச் சுத்தி உள்ள சொருகிட்டா கல்லு மாதிரி நிக்கும்."

"ஃப்யூஸ் போயிருந்தா பச்சை லைட்டே வராதேடா. பேட்டரிதான் வீக்கு."

"அந்தப் பொட்டிக்கு ஓதம் எறங்கியிருக்கும் சாமி. மலையில எதுக்குத்தான் ஓதம் எறங்கலை? ரெண்டு நாள் அடுப்பு மேல வெச்சு எடுத்தா..."

"ரெண்டு நாளா? அப்பா, முக்கால் மணி நேரந்தான் இருக்குது."

லூர்துராஜ் நிஜமாகவே சிகரெட்டுப் பெட்டியிலிருந்து வெள்ளித் தாளை உரித்துவிட்டான். சுதாராணி அவன் கையைப் பிடித்தாள். தலையை ஆட்டினாள். காற்றுக் குரலில், "ஒயரு பத்திக்கும்ண்ணா," என்றாள்.

"என்ன தங்கச்சி? பத்திக்குமா? எதுவும் பத்தாது. நா எத்தனை வண்டிக்குப் பண்ணியிருக்கேன்."

அதற்குள் ராஜ்குமார் பானெட்டைத் திறந்து பேட்டரி வயரை ஆட்டினான். காளியப்பன் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் நாலாவதாகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எல்லாம் தெரிந்தும் சத்தம் இல்லாமல் இருப்பது எத்தனை பெரிய குற்றம் என்று சுதாராணிக்குச் சுருக்கென்றது. தாள் சுற்றிய ஃப்யூஸைச் சொருக லூர்துராஜ் குனிந்தான்.

அவள் சின்னத்தைத் தூக்கினாள். ஜீப்பின் இரும்புக் கம்பியில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

டணாரென்ற சத்தம் எதிர்ப்பாறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எடைக்களத்தில் பேச்சு நின்றது. தராசு பக்கம் குனிந்திருந்த ரைட்டர் நிமிர்ந்தார். லூர்துராஜின் கையிலிருந்து ஃப்யூஸ் நழுவியது. சில்வர் ஓக்கில் உட்கார்ந்திருந்த காக்கைகள்கூட எழுந்தன.

அந்த அமைதியில் காற்றுக் குரலும் கேட்டது.

"பல்பு குடுங்க. ஹெட்லைட்டு பல்பு. ரெண்டு ஒயரு."

ராஜ்குமார் பானெட்டை விட்டு ஓடி வந்தான். பெட்டியிலிருந்து மாற்றுப் பல்பை எடுத்து, இரண்டு வயரைக் கடித்து உரித்து, முறுக்கிக் கட்டி நீட்டினான். எட்டு வருஷக் குடித்தனத்தில் அவளுடைய இந்த முகத்தை அவன் பல்ப்பர் ஊட்டில் இரண்டு தடவை பார்த்திருக்கிறான்.

வேடிக்கை பார்க்க எடை முடிந்த பெண்கள் கேட்டைத் தாண்டி வந்தார்கள். முதலில் வந்தவள் காளியாயி. "என்ன புள்ள, ஓட்டுக் கேக்க வந்தியா, கடை போட வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே டயர் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

சுதாராணி ஃப்யூஸைப் பழையபடி போட்டாள். ஆம்ப்ளிஃபயரில் பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரில் பல்பின் ஒரு முனையை வைத்தாள். மறு முனையை அதே ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக் கறுப்பு வயரில் வைத்தாள். பல்பு எரிந்தது, ஆனால் சோகை பிடித்தாற்போல் மங்கலாக. ரெக்கார்டைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

டம், டம் என்று பம்பை விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்பு கண்ணை மூடி மூடித் திறந்தது.

"அன்பான வாக்காளப் பெருமக்களே, வணக்கமுங்க. நான் உங்க..."

"சு," என்று, காலையில் லைனில் கேட்டிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து முடித்தார்கள். சிவப்பு விளக்கு வந்தது. சிரிப்பு களம் முழுக்கப் பரவியது. சுதாராணியும் சிரித்தாள், சத்தமில்லாமல்.

ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி மறுபடி போட்டாள். பல்பின் ஒரு முனை அதே சிவப்பு வயரில் இருக்கட்டும். மறு முனையைக் கறுப்பு வயரில் வைக்காமல் கதவின் கீலில் வைத்தாள். ஏறி இறங்கித் தேய்ந்து பளபளத்துக் கிடந்த இரும்பு அது. பல்பு பளீரென்று எரிந்தது. கிட்டே நின்றவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். பம்பை விழுந்தும் அசையவில்லை.

லூர்துராஜின் வாய் மெதுவாகத் திறந்தது. "அப்ப பேட்டரி நல்லாருக்குது. கரண்டும் ஒழுங்கா வருது."

"வருது," என்றாள் சுதாராணி. "போக மாட்டேங்குது."

"எங்க போக?"

அவள் காளியாயியைப் பார்த்தாள். பல்ப்பர் ஊடு தெரிந்தவளுக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. "பல்ப்பர்ல தண்ணி வர்ற பைப்பு நல்லாருக்குது ஆத்தா. கழுவுன தண்ணி போற ஓடை அடைச்சிருந்தா என்னாகும்?"

"எதுத்துக்கிட்டு நிக்கும். பழம் நகராது."

"அதேதான். கொஞ்சமா வுட்டா கசிஞ்சு போயிருது. பம்பை விழுந்தா தாங்க மாட்டேங்குது."

காற்றுக் குரல் காளியாயியைத் தாண்டிப் போகவில்லை. அவள் திரும்பி, சொன்னதைத் தன் குரலில் களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு, தான் யாருக்கு மைக்காகிவிட்டோம் என்று உறைத்து, வெற்றிலையைத் துப்பினாள்.

மணி நாலு இருபத்தெட்டு.

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே சுதாராணி போனாள். வயர் ஜீப்பின் தரைத் தகட்டுக்கு வந்து போல்ட்டில் முடிந்தது. நட்டு முடுக்கித்தான் இருந்தது. தொட்டு ஆட்டினால் ஆடவில்லை. அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர்," என்றாள்.

லூர்துராஜ் பையைக் கொட்டினான். எட்டு இருந்தது, பன்னிரண்டு இருந்தது, பதிமூன்று இரண்டு இருந்தது. பத்து இல்லை. "போன வாரம்கூட இருந்துச்சு தங்கச்சி. பத்தாம் நம்பருக்கு மட்டும் காலு மொளைச்சிருது."

ராஜ்குமாரின் பெட்டியிலும் இல்லை. குறட்டால் பிடித்துத் திருகினால் நட்டின் முனை மழுங்கியது. கூட்டத்தின் கண்கள் எல்லாம் ஓரிடத்துக்குப் போயின: அவள் மடியில் கிடந்த ஒன்றரை அடி வெள்ளி ஸ்பேனர். அதன் வாய்க்குள் பத்தாம் நம்பர் நட்டு ஆறு போகும்.

"ஊரெல்லாம் ஸ்பேனரைத் தூக்கிக் காட்டுனே. ஒரு நட்டுக் கழட்ட வழியில்லை," என்றாள் ஒருத்தி. மறுபடி சிரிப்பு.

சுதாராணி ஜீப்பிலிருந்து குதித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வளைவைப் பார்த்து நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. செல்வராஜின் வேன் டிரைவர் டீ கிளாஸோடு நின்றவன், ஓடிவரும் எதிர்க்கட்சியைப் பார்த்துப் பின்வாங்கினான். அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டி, திருகுவது போல் கையை ஆட்டினாள்.

டிரைவர் செல்வராஜைப் பார்த்தான். அவள் பின்னாலேயே நடந்து வந்திருந்தார் அவர். அவருக்குப் பின்னால் அறுபது எழுபது பெண்கள், அத்தனை பேர் கையிலும் ஓட்டு. இல்லை என்று சொல்ல இது சமயமில்லை.

"குடுரா, குடுரா," என்றார் செல்வராஜ். "நம்ம வண்டியில எல்லாமே இருக்கும்."

"பாத்துக்கங்க," என்றாள் காளியாயி. "அவ சின்னத்தை அவளுக்கே கடன் குடுக்கறாரு. போற வேகத்துல ஓட்டையும் போட்ருவாரு போல."

செல்வராஜும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

பத்தாம் நம்பர் வாயில் நட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு சுற்று. நட்டு வந்தது, வாஷர் வந்தது, கறுப்பு வயரின் வளையம் வந்தது. அதற்கு அடியில் தகடு தெரிந்தது.

செம்மண் நிறத்தில், வழுவழுவென்று, ஒரு பொத்தல் இல்லாமல் ரெட் ஆக்சைடு பெயிண்ட். இரண்டு கோட்டு.

சுதாராணிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பத்து நாளைக்கு முன் சேலத்தில் ஆம்ப்ளிஃபயர் மாட்டியவன், எர்த்து நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று இந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளபளவென்று தேய்த்துத்தான் வளையத்தை வைத்தான். அவளே பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்தப் பளபளப்பை இந்த மலையில் ஒருத்தரால் மட்டும் பொறுத்துக்கொள்ள முடியாது. மலையில் இரும்பை அம்மணமாக விட்டால் ஒரு மாதப் பனி அதைத் தின்றுவிடும் என்று பல்ப்பர் சக்கரம், ஏணி ஆணி, கேட்டுக் கொண்டி, கடைசியில் தன் குடைக் கம்பிக்குக்கூடப் பெயிண்ட் அடித்துப் பழகியவர் அவர்.

தலையைத் தூக்காமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். காளியப்பன் மப்ளரை இறக்கிக் காதை மூடிக்கொண்டிருந்தார். பார்வை எதிர்ப்பாறையில் இருந்தது. அவர் கட்டை விரல் நகத்து ஓரத்தில் செம்மண் நிறம் இன்னும் போகவில்லை.

"என்ன தங்கச்சி, என்ன இருக்குது அங்க?" என்று லூர்துராஜ் எட்டிப் பார்த்தான். "அட, பெயிண்ட்டு. எவன்டா அது, எர்த்துக்கு அடியில பெயிண்ட் அடிச்ச புத்திசாலி?"

"பழைய பெயிண்ட்டு," என்றாள் சுதாராணி சட்டென்று. "ஜீப்பு வாங்கும்போதே இருந்தது."

காளியப்பன் எதிர்ப்பாறையை இன்னும் கூர்ந்து பார்த்தார்.

மாமனாரைக் காட்டிக்கொடுக்காத மருமகள் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை. ஒருத்தியின் இடுப்பிலிருந்த கவாத்துக் கத்தியை வாங்கிச் சுரண்டினாள். செந்தூள் பறந்தது. ராஜ்குமார் உப்புத்தாளைக் கொடுத்தான். நாலணா அகலத்துக்கு இரும்பு வெள்ளையாகச் சிரித்தது. வளையத்தை வைத்து, வாஷரை வைத்து, நட்டைப் போட்டு, பல்லைக் கடித்து முடுக்கினாள். ஸ்பேனரை எடுத்து செல்வராஜின் கையிலேயே கொடுத்துக் கும்பிட்டாள்.

"மணி நாலு அம்பத்திரண்டு," என்று ரைட்டர் முருகன் கேட்டிலிருந்து குரல் கொடுத்தார். எடைப் புத்தகத்தை மூடிவிட்டு அவரும் வந்துவிட்டிருந்தார். "அஞ்சு ஆனா நிறுத்திப்போடணும் அம்மிணி. நா கைக்கடிகாரத்தைத்தான் பாப்பேன்."

வீட்டுக்குப் போக வேண்டிய ஜனம் போகவில்லை. இருநூறு பேரும் நின்றார்கள். பனி சரிவில் இறங்கி முதல் வரிசைச் செடிகளை மறைத்துவிட்டது. லூர்துராஜ் சத்தத்தைப் பாதியில் வைத்தான். சுதாராணி அவன் கையைத் தள்ளிவிட்டு முழுக்கத் திருப்பினாள்.

டம். டம். டம்.

"அன்பான வாக்காளப் பெருமக்களே, வணக்கமுங்க. நான் உங்க..."

இருநூறு வாயும் 'சு' என்று குவிந்தது.

"...சுதாராணி பேசறேனுங்க."

பம்பை இடி மாதிரி விழுந்தது. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. கூட்டத்திலிருந்து எழுந்த கூச்சலில் ராஜ்குமார் ஜீப்பின் மேல் ஏறிவிட்டான்; ஏறிய பிறகு எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் நின்றான். எதிர்ப்பாறை அவள் பேரைத் திருப்பிச் சொன்னது.

"பல்ப்பர் ஊட்டுல மோட்டார் போடறேனே, அவதானுங்க. நம்ம லைன்ல ரெண்டே தெருவிளக்கு. மூணாவது கம்பம் இருக்குது, விளக்கு இல்லை. கேட்டா எஸ்டேட் இடம்ங்கறாங்க. எஸ்டேட்ல கேட்டா பஞ்சாயத்துங்கறாங்க. காலையில அஞ்சரைக்குச் சோத்து வாளியைத் தூக்கிட்டுப் போறது நாமதானுங்க. எதுர்ல நிக்கிறது பாறையா காட்டெருமையான்னு தெரியாம, கல்லை வுட்டெறிஞ்சு பாத்துட்டுப் போறோம். கல்லு நகந்தா காட்டெருமை. போன மாசம் சரஸ்வதி அக்கா வாளியைப் போட்டுட்டு ஓடுனாங்க..."

"ஆமா, நா ஓடுனேன்," என்றாள் கூட்டத்தில் சரஸ்வதி, ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி.

"நா பெருசா ஒண்ணும் சொல்லலைங்க. கம்பம் கம்பமா மனுக் குடுத்து, பின்னாலயே நடந்து, ஏழு விளக்குப் போட வெப்பேன். எரியாமப் போனா ஆபீஸுக்கு நடக்க வேண்டாம், என்ற ஊட்டுக் கதவைத் தட்டுங்க. ஏன் எரியலைன்னு கண்டுபுடிக்க எனக்குத் தெரியுமுங்க."

காளியாயி குத்தவைத்த இடத்திலிருந்து எழுந்து நின்று கேட்டாள். செல்வராஜ் கையிலிருந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பையில் போடுவதா வேண்டாமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறக்காம ஸ்பேனர் சின்னத்துல ஓட்டுப் போடுங்க. நன்றி வணக்கமுங்க." பம்பை கடைசியாக மூன்று அடி அடித்து நின்றது.

பேச்சு முடிந்தது. பம்பை முடிந்தது. ரெக்கார்டு முடியவில்லை. முன்பக்கத்தில் பம்பை சேர்த்த ராஜ்குமார், பின்பக்கத்தை வெட்டவே மறந்திருந்தான். இன்றுவரை யாரும் அதுவரை கேட்டதில்லை.

பெட்டிகளில் முதலில் கோழி கத்தியது. பிறகு மலை முழுக்கக் கேட்கும்படி காளியப்பனின் குரல் வந்தது.

"அம்மிணி, பேசி முடிச்சிட்டியா? இங்க வந்து பாரு இந்த அநியாயத்தை. சேலத்துக்காரன் போல்ட்டுக்கு அடியில நாலணா அகலத்துக்குப் பெயிண்ட்டையே சொரண்டி வெச்சுட்டுப் போயிருக்கான். ஒரு பனிக்குத் தாங்குமா? துரு புடிச்சிராது? நா ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு அடிச்சு வெச்சர்றேன்."

லூர்துராஜ் மெதுவாகத் திரும்பிக் காளியப்பனைப் பார்த்தான். இருநூறு பேரும் பார்த்தார்கள். காளியப்பன் மப்ளரை மூக்குவரை ஏற்றினார்.

அடுத்து வந்தது சுதாராணியின் குரல். நல்ல குரல், பிசிறில்லாமல், அவசரமாக.

"அடிங்க மாமா, நல்லா ரெண்டு கோட்டா அடிங்க. இதையெல்லாமா என்னைக் கேக்கோணும்? எங்கிங்க இந்த ரெக்கார்டை நிறுத்தறது..."

டக்கென்று நின்றது.

எடைக்களத்தில் முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அப்புறம் தெரிய வேண்டியதும் இல்லை. மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், தராசுக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சரஸ்வதி மண்ணில் உட்கார்ந்தே விட்டாள். ரைட்டர் முருகன் கடிகாரத்தைப் பார்க்க மறந்தார்.

"பழைய பெயிண்ட்டு, ஆமாமா," என்றான் லூர்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஜீப்பு வாங்கும்போதே இருந்தது."

காளியப்பன் மப்ளருக்குள்ளிருந்து பேசினார். "நா கேட்டுட்டுத்தான் அடிச்சேன். எல்லாரும் கேட்டீங்கல்ல? நா கேட்டுட்டுத்தான் அடிச்சேன்."

சுதாராணி வெள்ளி ஸ்பேனரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வயிற்றிலிருந்து ஏறி வந்த சிரிப்பு தொண்டையில் இடித்தது, ஒரு கீச்சு, ஒரு கரகரப்பு, பிறகு அடைப்பு உடைந்த மாதிரி வெளியே கொட்டியது. மூன்று நாளில் அவள் போட்ட முதல் சத்தம். ராஜ்குமார் ஜீப்பின் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சுதா, உன்ற குரல் கேக்குது," என்றான்.

"கேக்குதா?" என்றாள். தகரத்தை இழுத்த மாதிரி இருந்தது. ஆனால் குரல்.

"மணி அஞ்சு," என்றார் ரைட்டர்.

ராஜ்குமார் குதித்து இறங்கி ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். பச்சை விளக்கு போயிற்று. வளைவில் செல்வராஜின் வேனும் அடங்கியது. ஜனம் சாக்கை உதறி மடித்துக்கொண்டு, லைன் லைனாகப் பிரிந்து, பனிக்குள் நடக்கத் தொடங்கியது. போகிற வழியெல்லாம் "ரெண்டு கோட்டு, ரெண்டு கோட்டு" என்று சிரிப்பு கேட்டுக்கொண்டே போனது.

காளியாயி கடைசியாகக் கிளம்பினாள். நாலு அடி வைத்தவள் திரும்பி ஜீப்பிடம் வந்தாள்.

"எங்க ஊடு எங்க இருக்குதுன்னு தெரியுமில்ல புள்ள?"

"தெரியும் ஆத்தா," என்றாள் சுதாராணி கரகரவென்று. "மூணாவது கம்பம்."

"ஆமா, அந்த மூணாவது கம்பந்தான்," என்றாள் காளியாயி. பிறகு காளியப்பன் பக்கம் விரலை நீட்டினாள். "விளக்கு மாட்டற அன்னைக்கு மட்டும் இந்த மனுசனை ஊட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிப்போடு."